விட்டுவிட்டுப் போ என்பவர்களுக்கு

வீடு மாறுகிறவர்களுக்கு நம் ஊர்ப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. நாயைக் கோயில் வாசலில் விட்டுவிடு, பூனையைச் சாக்கில் கட்டி ஏரிக்கரைக்கு அப்பால் விட்டுவிடு என்பதே அது. சொல்கிறவர்கள் கொடியவர்கள் அல்லர். பிறர் வீட்டுத் துக்கத்துக்கு முதலில் ஓடுகிறவர்கள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்காமல் உண்ணாதவர்கள். அதனாலேயே அவர்களுடன் வாதிட வேண்டியிருக்கிறது. கொடியவரோடு வாதிட்டுப் பயனில்லை.

கோயில் என்று அவர்கள் சொல்லும்போது எங்கள் வட்டாரத்தில் அது பெரும்பாலும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலையே குறிக்கும். பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவில் இருப்பது. வெளியூர்களில் பரவிக்கிடக்கும் எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம். மாவிளக்கு போடுவோரும் முடி காணிக்கை செலுத்துவோரும் வந்தபடி இருப்பார்கள், எனவே நாய்க்குச் சோற்றுக்குப் பஞ்சமிராது என்பது கணக்கு. இக்கணக்கில் ஒரு சிறிய பிழை இருக்கிறது. சிறப்பு நாள்கள் நீங்கலாக, அக்கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியுமே. நாய்க்கு ஏழு நாளும் பசிக்கும்.

கழுத்துப் பட்டையின் தடம் மாறாத நாய்களை அவ்வாசலில் நாம் கண்டிருக்கிறோம். தெருவில் பிறந்து வளர்ந்த நாயை இவற்றிலிருந்து பிரித்தறிவது எளிது. தெரு நாய் மனிதரைப் பார்க்காது, அவர் கையிலுள்ள பொட்டலத்தைப் பார்க்கும். விடப்பட்ட நாய் வந்து நிற்கும் ஒவ்வொரு காரின் கதவையும் பார்க்கும்.

சென்ற மார்கழியில் இந்த அறிவுரை நமக்கே வந்தது. நம் மகளுக்கு இருபத்துமூன்று வயது. ஐதராபாதில் வேலை கிடைத்தது. அவளிடம் கருப்பன் என்றொரு நாட்டு நாயும், சுந்தரி என்றொரு பூனையும் உண்டு. இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. ஒன்று பேருந்து நிறுத்தத்தில் நனைந்து கிடந்தது. மற்றொன்று தானே வந்து மாடிப்படியின் கீழ் குடியேறியது. மகள் போகும்போது இரண்டும் உடன் போகும் என்றதும் உறவினர் வட்டம் கொதித்தது. "ஏன் மாமா, அந்த நாயைக் கோயில்ல வுட்டா அது பாட்டுக்குக் கெடக்கப் போவுது. பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ளையப் பாத்து அனுப்புவியளா, நாயையும் பூனையையும் கட்டி அனுப்புறியளே" என்றார் ஒருவர். அவர் பேச்சின் இரண்டாம் பாதிக்கு மறுமொழி சொல்ல இது இடமன்று. முதற்பாதிக்கே இக்கட்டுரை.

ரயிலில் அனுப்பலாமே என்று மிதவாதிகள் சொன்னார்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். போனாலும் ரயில்வே விதி இவ்வாறு இருக்கிறது: முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பதிவு செய்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் பிற குளிர்சாதனப் பெட்டிகளிலும் வளர்ந்த நாய்க்கு இடமில்லை. கூடைக்குள் அடங்கும் குட்டிக்கு மட்டும் சலுகை. அதாவது, சட்டம் நாயைத் தடுக்கவில்லை. நாய் வைத்திருக்கும் ஏழையைத்தான் தடுக்கிறது. முதல் வகுப்புக்குப் பணமுள்ளவரின் நாய் பயணி. இல்லாதவரின் நாய் சரக்கு. முன்பின் அறியாத இரும்புக் கூண்டில், ஓடும் வண்டியின் இரைச்சலில் ஓரிரவு கிடந்த நாய் பிறகு எந்த மனநிலையில் இறங்கும் என்பதை நாய் வளர்த்தவர் அறிவர்.

ஆகவே காரில் போனோம். ஆத்தூர், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஒசூர், பெங்களூரு, பின்பு அனந்தபூர், கர்நூல் வழியாக ஐதராபாது. ஏறத்தாழ 900 கிலோமீட்டர். பெங்களூரில் ஓரிரவு தங்கல். சாமான்கள் முன்னரே சிறு சரக்குந்தில் போய்விட்டன. பயணத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முடியாத காரியம் என்று எண்ணித்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பூனையைக் கொண்டு செல்லும் கூடையைப் பயணத்தன்று வாங்கினால் போர்தான் நடக்கும். இரண்டு மூன்று வாரம் முன்பே வாங்கி, பழைய சேலைத்துணி விரித்து, கதவைத் திறந்தே வைத்து, அதனுள் சோறு வைக்க வேண்டும். பூனை அதைத் தன் குகையாக ஏற்றுக்கொண்ட பின் கதவை மூடினால் கலவரம் பாதியாகக் குறையும். கூடையின் மேல் துணி போர்த்தி வெளிச்சத்தை மறைத்தால் மேலும் குறையும். சுந்தரி வேப்பந்தட்டை வரை ஒப்பாரி வைத்தாள், ஆத்தூரில் அடங்கினாள். (பூனை குறுக்கே போனால் பயணம் ஆகாது என்பது சகுன சாத்திரம். பூனையே பின்னிருக்கையில் அமர்ந்து வந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் தேடிப் பார்த்தோம், இல்லை.) நாய்க்குப் புறப்படுவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தொப்பூர்க் கணவாயின் வளைவுகளில் காருக்குள் கங்கை பெருகும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. இரண்டு மணிக்கொருமுறை வண்டியை நிறுத்தி, கதவைத் திறப்பதற்கு முன்பே கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, சாலைக்கு எதிர்ப்புறமாக இறக்க வேண்டும். இந்த ஒரு நொடியில்தான் பெரும்பாலான நாய்கள் தொலைகின்றன அல்லது அடிபடுகின்றன. மூடிய காரில் விலங்கைத் தனியே விட்டுவிட்டு உணவகத்துக்குள் போகலாகாது, மார்கழியிலும் போகலாகாது. வெயிலேறினால் கண்ணாடி மூடிய கார் அடுப்பாகிவிடும். நாங்கள் மூவரும் முறை வைத்துக் கொண்டு சாப்பிட்டோம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழை எடுத்துப் போனோம். வழியில் எவரும் கேட்கவில்லை. ஆனால் அது கையில் இருந்தது நாங்கள் தங்கிய விடுதியின் மேலாளரை இளக வைத்தது. ஒசூரை நெருங்கும்போது விடியற்பனியில் எதிரே வரும் விளக்குகள்கூடத் தெரியவில்லை. குட்டை மயிர் நாய் நடுங்கியது. கோணிச்சாக்கின் மேல் கம்பளி போட்டோம். அவ்வளவுதான். ஒரு பெண்ணின் முதல் வேலைக்காகப் பெற்றோர் செய்யும் செலவில் இவற்றுக்கான செலவு தனியாகச் சொல்லும்படி இல்லை.

கடினமானது சாலையன்று, வீடு. புறப்படுவதற்கு முன்பு தொலைபேசியில் பேசிய வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் கேட்ட வினாக்களை நாம் ஒரு தாளில் குறித்து வைத்தோம். வரிசை வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோலவே இருந்தது. முதலில், குடும்பமா, தனியாளா? அடுத்து, சைவமா? அதற்கடுத்து, எந்த ஊர், 'என்ன ஆட்கள்'? (இந்த 'ஆட்கள்' என்ற சொல் எதைக் கேட்கிறது என்பதைத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.) பிறகு, இரவு எத்தனை மணிக்குத் திரும்புவாள்? இறுதியில்தான் வளர்ப்பு விலங்கு. ஐந்து வினாக்களும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வருபவை. 'நாய் கூடாது' என்பது துப்புரவு பற்றிய ஓர் எளிய விதியென்று இதுகாறும் எண்ணியிருந்தோம். அது அமர்ந்திருக்கும் வரிசையைப் பார்த்தபின் அவ்வாறு எண்ண இயலவில்லை. தமக்குப் பழக்கமில்லாத வாழ்க்கை எதுவும் தம் கூரைக்குக் கீழ் வரலாகாது என்ற ஒரே விருப்பத்தின் ஐந்தாவது உருவம் அது.

"மனிதருக்கே வீடில்லாத நாட்டில் நாய்க்கு வீடு கேட்கிறீரா?" என்று கடிந்துகொண்டார் நம் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் நண்பர். கேட்கத்தக்க வினாவே. ஆனால் நாயை மறுத்த எந்த வீட்டுக்காரரும் அந்த இடத்தை வீடற்ற மனிதர் ஒருவருக்குக் கொடுத்ததாக நாம் அறியவில்லை. நாயை மறுக்கும் கதவு தனித்து வாழும் பெண்ணையும், கறி சமைப்பவரையும், வேறு மதத்தாரையும், 'வேறு ஆட்களையும்' சேர்த்தே மறுக்கிறது. ஒன்றுக்குத் திறந்தால் மற்றொன்றுக்கு மூடவேண்டிய கதவு அன்று அது.

சட்டம் என்ன சொல்கிறது? விலங்கு நல வாரியம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கினாலும்கூட வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க முடியாது என்று கூறியது. 2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்று, தம் குடியிருப்பில் விலங்கு வளர்ப்பதைத் தடுக்கும் சங்க விதிகள் சட்டத்துக்குப் புறம்பானவை, செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. இவை அடுக்குமாடிச் சங்கங்களைக் கட்டுப்படுத்தலாம். தனி வீட்டுக்காரர் தம் வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறார் என்பது வேறு செய்தி. அங்கே நியாயத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரரின் அச்சங்களில் நியாயமானவையும் உள்ளன: கதவைப் பிறாண்டும், மரச்சாமானில் மூத்திர நாற்றம் ஏறும், அண்டை வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். இவற்றுக்கு விடைகளும் உள்ளன. முன்பணத்தில் ஒரு பகுதியைச் சேதத்துக்கென ஒதுக்கலாம். தடுப்பூசிச் சான்றையும் கருத்தடைச் சான்றையும் கேட்கலாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். குடிக்கிற ஆடவரையும் சுவரில் ஆணியடிக்கிற குடும்பத்தையும் இவ்வாறுதானே பொறுத்துக் கொள்கிறோம்?

சிறுவாச்சூரார்க்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தலபுராணத்தின்படி மதுரகாளி இவ்வூர்க்காரி அல்லள். மதுரையிலிருந்து சினம் ஆறாமல் வந்தவள்; அவளே கண்ணகி என்பாரும் உண்டு. இங்கே கோயில் கொண்டிருந்த செல்லியம்மனிடம் ஓரிரவு தங்க இடம் கேட்டாள். செல்லியோ மந்திரவாதி ஒருவனின் பிடியில் இருந்தவள். வந்தவள் அவனை அழித்தாள். இருந்தவள் தன் இடத்தை அவளுக்கே கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போனாள். வாரத்தில் மற்ற நாள்களில் காளி மலைமேல் தோழியோடு இருக்கிறாள், அதனாலேயே நடை சாத்தியிருக்கிறது என்பர் ஊரார். தனியாக, சினத்தோடு, முன்பின் தெரியாமல் வந்த ஒரு பெண்ணுக்கு, 'என்ன ஆட்கள்' என்று கேளாமல் இடம் கொடுத்ததில் தொடங்குகிறது இவ்வூரின் பெருமை. அவ்வாசலில்தான் நம்மவர் வீட்டு நாயை இறக்கிவிட்டுக் காரைத் திருப்புகிறார்கள்.

இனி நம் தமிழாசிரிய இனத்தாரிடம் வருவோம். இப்பேச்சை எடுத்தவுடன் பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததும், பேகன் மயிலுக்குப் போர்வை தந்ததும், மனுநீதிச் சோழன் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டதும் மேடைக்கு வந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாமும் இவற்றை வகுப்பில் சொல்லி வருகிறோம். இவை கொடையின் கதைகள். உடனிருத்தலின் கதைகள் அல்ல. தேரைக் கொடுத்த பாரி மறுநாள் அந்த முல்லைக்குத் தண்ணீர் ஊற்றினானா என்று எவரும் பாடவில்லை. பேகனின் செய்தியோ இன்னும் சங்கடமானது. மயிலுக்குக் குளிருமே என்று இரங்கிய அவ்வள்ளல், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தி ஊரில் இருந்தான். கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்று கேட்டுப் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. காட்டு மயிலுக்குப் போர்வை தருவது எளிது. வாசலில் காத்திருப்பவளிடம் திரும்பிப் போவதுதான் கடினமென்று அப்புலவர்கள் அறிந்திருந்தார்கள். மேடையில் மட்டும் இப்பாதி விடுபட்டுப் போகிறது.

உடனிருத்தலுக்குச் சான்று வேண்டுவோர் செங்கம் வட்டார நடுகற்களிடம் போக வேண்டும். எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு, ஏழாம் நூற்றாண்டு. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் நாயின் உருவம். கல்வெட்டு அந்நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் சொல்கிறது. அக்காலத்து மாந்தருள் எத்தனை ஆயிரம் பேரின் பெயர் நமக்குத் தெரியாது! ஒரு நாயின் பெயர் தெரிகிறது. கன்னட நாட்டில் ஆதகூரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கல் இன்னொன்று. இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்திய கங்க மன்னன் பூதுகன், தன் வீரனொருவனிடம் வேண்டியதைக் கேள் என்றான். அவன் மன்னனின் வேட்டை நாயைக் கேட்டான். அதன் பெயர் காளி! பின்னர் அந்நாய் காட்டுப் பன்றியோடு பொருது இரண்டும் மாண்டபோது அதற்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். எங்கள் வழியில்தான் அந்த அருங்காட்சியகம். கருப்பனைக் காரில் வைத்துக்கொண்டு உள்ளே போக வழியில்லாததால், அக்கல்லை இம்முறையும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

நாலடியார் யானையின் நட்பையும் நாயின் நட்பையும் ஒப்பிட்டு, பழகிய பாகனையே கொல்லும் யானையை விடவும், எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் நாயே மேல் என்கிறது. தேர்வுக்கு இது நெடுவினா. தேர்வு முடிந்ததும் மாணவனைத் திட்ட நாம் எடுக்கும் சொல்லும் 'நாயே' என்பதுதான். பாரதத்தின் இறுதியில் தருமனைப் பின்தொடர்ந்த நாயின் கதையை எல்லாரும் அறிவர். வில்லிபுத்தூரார் போர் முடிவோடு நூலை நிறுத்திக்கொண்டதால் அது நம் செய்யுள் வகுப்புகளுக்குள் நுழையவில்லை. உரைநடையிலும் கதை சொல்பவர் வாயிலுமே வாழ்ந்தது. 'நாயோடு வருபவர்க்கு இங்கே இடமில்லை' என்று சொன்ன முதல் வீட்டுக்காரன் இந்திரன். அப்படியாயின் அந்த வீடே வேண்டா என்று தருமன் நின்றான். அவன் நாயின் இனத்தைச் சொல்லி வாதாடவில்லை. என்னை நம்பி வந்தது என்ற ஒன்றைத்தான் சொன்னான்.

இனம் என்றதும் இன்னொரு பெருமை நினைவுக்கு வருகிறது. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் வரிசைத் தபால் தலைகளில் இராசபாளையமும் ஒன்று. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டு இனங்களைச் சொல்லி மார்தட்டுவோர் இப்போது மிகுதி; 2017இல் மெரினாவில் நாட்டு மாட்டுக்காகக் கூடிய கூட்டத்தின் உணர்ச்சியில் இதற்கும் பங்குண்டு. அவ்வினங்கள் காக்கப்பட வேண்டியவை, ஐயமில்லை. ஆனால் இனப்பெருமை என்பது பெயர்ப்பலகையின் மேலுள்ள காதல். பெயரில்லாத கருப்பு நாய் வாலாட்டி நிற்கும்போது அப்பெருமை வேறு பக்கம் பார்க்கிறது. வாங்கிய விலை மறக்கும்போது இராசபாளையத்தையும் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள்.

2025 ஆகஸ்டு 11 அன்று தில்லித் தெரு நாய்களை எல்லாம் பிடித்து அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதினொரு நாளில் அதனைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அந்தந்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களிலிருந்து அகற்றச் சொன்னது. நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. கடித்த நாய்க்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. வெறிநோய் முற்றினால் மீட்பில்லை. அதற்கு இரையாகிறவர் பெரும்பாலும் காரில் போகிறவர் அல்லர், நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். ஆனால் அவ்வளவு பேச்சிலும் ஒரு வினா எழவே இல்லை: வீட்டிலிருந்து தெருவுக்கு நாயை இறக்கிவிட்டவர் யார்? ஆண்டுதோறும் ஊசி போடப்பட்ட வீட்டு நாய், விடப்பட்ட மறு ஆண்டே ஊசியற்ற தெரு நாய். அதன் குட்டிகள் பிறவியிலேயே தெரு நாய்கள்.

இறக்கிவிடுவது குற்றமென்று சட்டம் சொல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் பதினொன்றாம் பிரிவு, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. அச்சட்டம் முதற்குற்றத்துக்கு வைத்த தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. மாவிளக்குத் தட்டும் அதற்கு மேல் ஆகும். மறுபுறம், 2025 இறுதியில் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவர்க்கு 5,000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தது. சிப் நல்ல ஏற்பாடு. கோயில் வாசலில் நிற்கும் நாயின் உடம்பிலிருந்து உரியவரின் முகவரியைப் படித்துவிடலாம். ஆனால் இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உரிமமின்றி வளர்த்தால் ஐயாயிரம்; வளர்த்ததைக் கைவிட்டால் ஐம்பது. கணக்குத் தெரிந்த குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும்? கைவிடுதலுக்கான தண்டத்தை உரிமத் தண்டத்துக்கு மேலே உயர்த்தாமல் சிப்பை மட்டும் கட்டாயமாக்கினால், சிப் பொருத்துவதற்கு முந்தைய வாரம் நம் நெடுஞ்சாலையோரக் கோயில்களுக்கு வரும் கார்கள் கூடும். சிறுநகரங்களிலும் ஊராட்சிகளிலும் கால்நடை மருந்தகத்திலேயே இதைப் பதிவு செய்ய வழி செய்வதும், குடும்பம் ஊர் மாறும்போது விலங்கின் பதிவையும் ரேஷன் அட்டையைப் போல மாற்றித் தருவதும் அரசால் ஆகாத காரியங்கள் அல்ல.

வீடு எப்படிக் கிடைத்தது என்று கேட்டு எழுதும் அன்பர்களுக்காக: அடுக்குமாடிகளை விட்டுவிட்டுப் பழைய தனி வீடுகளைத் தேடினோம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், கணவரை இழந்தவர், மாடிப்பகுதியை வாடகைக்கு விட்டிருந்தார். தெலுங்கில் அவர் கேட்டதை மகள் நமக்கு மொழிபெயர்த்தாள். நாய் இரவில் குரைக்குமா என்பது ஒன்றே அவர் வினா. குரைக்கும் என்று உள்ளதைச் சொன்னோம். குரைக்கட்டும், இத்தெருவில் திருட்டு மிகுதி என்றார். வாடகையில் மாதம் ஐந்நூறு ரூபாய் கூட்டியும் கொண்டார், கொடுத்தோம். சுந்தரி நான்கு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, ஆசிரியையின் துணிக்கொடியில் உலர்ந்த சேலையைக் கிழித்தாள். அதற்குத் தனியே கொடுத்தோம்.